அம்மிக்கல் இருந்த சுவர்

சுவருக்கு முதலில் வயிறு வந்தது.

2021 அக்டோபர் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகையின் கிழக்குச் சுவர் 24 அடி நீளம், 7 அடி உயரம். ஓரிடத்தில் மட்டும் நாலு விரற்கடை அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கை வைத்துப் பார்த்தேன். கல்லுக்குக் கல் நடுவே இழுத்திருந்த சிமெண்டு கெட்டியாகத்தான் இருந்தது. தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நவம்பர் 18. திருப்பதி முழுக்க வெள்ளக்காடானது அன்றைக்குத்தான். திருமலை மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஸ்வர்ணமுகி இரண்டு கரையையும் முழுங்கிக்கொண்டு ஓடியது. பொழுது விடிவதற்குள் அம்மா போன் செய்தாள். “கொட்டாய்ச் சுவரு உட்கார்ந்துடுச்சுடா. மாடு ரெண்டும் பொழைச்சுது.” விழுந்தது என்று அவள் சொல்லவில்லை. போய்ப் பார்த்தபோது அவள் சொன்ன சொல்லே சரியென்று பட்டது. வெளிமுகக் கற்கள் பெரும்பாலும் வழுக்கி இறங்கிக் குவிந்திருந்தன. உள்முகம் அரைகுறையாக நின்றது. நடுவிலிருந்த மண், களி கிண்டியதுபோலக் குழைந்து வழிந்துகொண்டிருந்தது.

சிமெண்டு மட்டும் எங்கும் உடையவில்லை. கற்களை ஒட்டியபடி நீள நீளமான பட்டைகளாக, கெட்டியாகக் கிடந்தது. அதை அங்கே இழுக்கச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஊர் சந்திரகிரிக்கும் பாகாலாவுக்கும் நடுவே, பாறைக் குன்றுகளின் அடியில் இருக்கிறது. வட ஆற்காட்டோடு இந்தப் பக்கம் சேர்ந்திருந்த காலத்தில் வந்து காணி திருத்திய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, 1953இல் ஆந்திராவோடு போனது, 2022இல் எங்கள் பக்கம் திருப்பதி மாவட்டமாகப் பிரிந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு என்று நாங்கள் இருந்தபடியே இருக்கிறோம்.

வீட்டையும் கொட்டகையையும் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையையும் கட்டியவர் என் தாத்தா. கல்லுக்காக அவர் எங்கும் போகவில்லை. கொல்லையை உழவுக்குத் திருத்தும்போது கிளம்பிய கல்லே மூன்று கட்டடத்துக்கும் போதுமானதாக இருந்ததாம். தூணுக்கும் பலகைக்கும் மட்டும் குன்றில் போயர்களை வைத்துப் பாறை உடைத்திருக்கிறார். பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடேறிய மேல்தட்டு அடிப்பாறையிலிருந்து விட்டு எழும்பும். சம்மட்டியால் தட்டிப் பார்த்து, ஓசை மாறும் இடம்வரை தீயை நகர்த்திக்கொண்டு போவார்கள். பிறகு உளியால் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, வேண்டிய அகலத்துக்குப் பிளப்பார்கள். அந்தப் பாறையில் உளிக்குழி வரிசை இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டை வைத்து விளையாடுவோம்.

சுவர்களுக்குச் சாந்து வெறும் மண்தான். செம்மண்ணும் மொரம்பும் வைக்கோலும் சேர்த்து மிதித்த மண். கல் எடையைத் தாங்கும், மண் கல்லை அசையாமல் உட்கார வைக்கும். அந்தக் கணக்கில் அறுபது ஆண்டுக்கு மேல் நின்ற சுவர்கள் அவை.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் காசு கையில் நின்றபோது அவற்றைப் பார்க்க எனக்கு என்னவோ குறையாகத் தெரிந்தது. கல்லிடுக்கில் பல்லி, எறும்பு, அங்கங்கே முளைத்த அரசங்கன்று. 2006இல் வீட்டுக்கும் கொட்டகைக்கும் வெளிப்பக்கம் முழுக்கச் சிமெண்டால் இடுக்கு அடைத்து, கல்லின் ஓரமாகப் பட்டை இழுக்கச் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ஊரே வந்து பார்த்தது. புதுக்கட்டடம் மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

சுவர் உட்கார்ந்த பிறகு வந்து பார்த்த ஒரு கட்டட ஒப்பந்ததாரர், எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுச் சிமெண்டுக் கல்லில் கட்டிவிடலாம், இந்தக் கல்லை அஸ்திவாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மா ஒப்பவில்லை. “உங்க தாத்தாகிட்ட வேலை செஞ்ச மேஸ்திரியோட மகன் பாகாலா பக்கம் இருக்காரு. ஒரு தடவ கூட்டிட்டு வா” என்றாள்.

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். தோளில் ஒரு கோணிப்பை. அதில் கரணை, தூக்குக்குண்டு, இரண்டு சுத்தியல், ஒரு நூல்கண்டு. சுவரைப் பார்ப்பதற்கு முன் கொட்டகைக்குப் பின்னால் போய், மேட்டு நிலம் எப்படிச் சரிகிறது என்று பார்த்தார். கூரையோரத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்தார். கடைசியாகக் குவியலில் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார்.

“கல்லுக்கு ஒண்ணும் ஆகல நைனா. தண்ணி போற வழிய அடைச்சிட்டீங்க.”

அதை அன்றைக்கு அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மண்சாந்துச் சுவருக்குள் தண்ணீர் வருவதைத் தடுக்க முடியாது. மேல்வரிசை வெடிப்பில் இறங்கும், பின்னாலிருக்கும் மேட்டிலிருந்து ஊறும். வந்த தண்ணீர் இடுக்குகள் வழியாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிட வேண்டும். சிமெண்டுப் பட்டை அந்த இடுக்குகளை மூடிவிடுகிறது. உள்ளே சேர்ந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. மண் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைகிறது. குழைந்த மண் கனத்து, இரண்டு முகத்தையும் வெளியே தள்ளுகிறது. நான் பார்த்த வயிறு, பதினைந்து ஆண்டு மழை உள்ளே தங்கிய வயிறு. கடைசியாக அவர் தெலுங்கில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “கோடகு ஊபிரி ஆடாலி.” சுவருக்கு மூச்சு ஓட வேண்டும்.

இடிக்க வேண்டியதில்லை, பிரித்துக் கட்டலாம் என்றார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னைச் சந்திரகிரிக்கு அழைத்துப் போனார். நான் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை போன கோட்டை. விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. மரமே சேர்க்காமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய மூன்றடுக்கு ராஜமஹாலைப் பார்த்துவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுத் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். அவர் மஹால் பக்கமே போகவில்லை. வெளிக்கோட்டை மதிலோரமாக என்னை நிற்க வைத்தார். ஆள் உயரக் கற்கள், சாந்தில்லாமல், ஒன்றோடொன்று தோள்கொடுத்து நின்றன.

“இதுக்கு எது ஒட்டு?” என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். “எடைதான் ஒட்டு. ஒவ்வொரு கல்லும் கீழ இருக்கறத அமுக்குது. அது போதும்.”

அங்கிருந்து பார்த்தால் திருமலை மலை தெரியும். உச்சியில் சிவப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்காகத் தெரியும் பாறையைக் காட்டி, அது வேறு கல், நம் காலடியில் இருப்பது வேறு கல் என்றார். பின்னால் படித்தபோது அதன் பொருள் விளங்கியது. மலைப்பாதையில் ஓரிடத்தில் கீழே கிரானைட்டும், அதன்மேல் படிவுப்பாறையாகிய குவார்ட்சைட்டும் நேரடியாகச் சந்திக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலத்தின் தடயமே இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேஸ்திரிக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அடுக்குப் பாறை படுத்த வாக்கில் பாரம் தாங்கும், நிமிர்த்தி வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். நம் கொல்லைக் கல்லில் அடுக்கு கிடையாது, ஆனால் அதற்கும் பிளக்கும் திசை ஒன்று உண்டு, தட்டினால் சொல்லும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2022 ஜனவரி, பொங்கல் கழித்து வேலை ஆரம்பித்தது. கூரைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தோம். நின்றுகொண்டிருந்த பகுதியில் ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் சுண்ணாம்பால் எண் போட்டு, வரிசை மாறாமல் தரையில் பரப்பினோம். குவியலில் கிடந்தவற்றை மூலைக்கல், முகக்கல், சக்கை என்று பிரித்தோம். புத்தூரில் எலும்பு கட்டுகிறவர்கள், உடைந்த கையை முதலில் விரலால் தடவித் தடவி எது எங்கே இருக்க வேண்டியது என்று கண்டுகொள்வார்கள். இவர் கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சுவரின் நடுப்பகுதியில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு கல் அசைந்து கொடுக்கவில்லை. உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை குறுக்கே போயிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்துக் கழுவினோம். அது ஒரு அம்மி. நடுவில் குழி விழுந்து தேய்ந்த, இனிமேல் கொத்தவும் முடியாத பழைய அம்மி.

அம்மா ஓடிவந்து பார்த்தாள். “உங்க ஆயாவோட மாமியாரு அரைச்சதுடா இது. ஆயா சொல்லக் கேட்டிருக்கேன், எங்க போச்சுன்னு தெரியாம இருந்துச்சு” என்றாள். தேய்ந்த அம்மியைத் தெருவில் போட தாத்தாவுக்கு மனம் வரவில்லையா, சுவரின் அகலத்துக்குச் சரியான நீளத்தில் ஒரு கல் தேவைப்பட்டு இதை எடுத்துக்கொண்டாரா, தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். எத்தனையோ வருஷம் மிளகாயும் தேங்காயும் அரைபட்ட அந்தக் குழியில் விரல் வைத்தேன். உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

கற்சுவர் என்பது உண்மையில் இரண்டு சுவர். உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சின்னக் கல்லும் மண்ணும். இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரிந்து போகாமல் பிடித்துக்கொள்வது, இப்படிக் குறுக்கே போகும் நீளக்கல்தான். அம்மி இருந்த இடத்துக்கு இரு பக்கமும் சுவர் உட்கார்ந்திருக்க, அதைச் சுற்றி மூன்றடி மட்டும் நின்றதற்குக் காரணம் அந்த அம்மி.

கட்ட ஆரம்பித்தபோது என்னையும் கல் எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு கல்லின்மேல் ஒரு கல், ஒரு கல்லின்மேல் இரண்டு கல். இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வரக்கூடாது, வந்தால் விரிசல் அதன் வழியே ஏறும். கல்லின் நீளம் சுவருக்குள்ளே போக வேண்டும். அழகாகத் தெரிகிறதே என்று நீளவாட்டத்தை வெளியே காட்டி வைத்தால் அது முகமூடிதான், சுவர் ஆகாது. ஆட்டம் இருந்தால் முகப்பில் சக்கை செருகக்கூடாது, உள்பக்கத்திலிருந்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் இம்மி அளவு வெளிப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும், உள்ளே வந்த தண்ணீர் அந்தச் சாய்வில் வெளியே வரும். நான் வைத்த கற்களில் பாதியை அவர் எடுத்துத் திருப்பி வைத்தார். எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடாமல், அதற்கு ஏற்ற இடம் கிடைக்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு தேட வேண்டும் என்பது அவர் பாடம். இடுப்பு ஒடிந்த பிறகுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. கையில் கனம் இருக்கும்போது கண் கூர்மையாகிறது.

சுவரின் உள்ளே பழையபடி மண். வெளிமுக இடுக்குக்கு மட்டும் சுண்ணாம்பு. அதைத் தயாரிக்கவே மூன்று வாரம் முன்னதாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பைத் தாளித்து, மேலே தண்ணீர் நிற்க ஊறவைத்திருந்தோம். மணலும் செங்கல் தூளும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டு அரைத்தோம். வெல்லம் சித்தூர் மண்டியிலிருந்து நானே வாங்கி வந்தது. சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மறுபடி கல்லாக மாறும். அதற்குள் சுவர் கொஞ்சம் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசைந்து கொடுக்கும். கல்லைவிட மென்மையானது என்பதுதான் அதன் குணம். என்றைக்காவது ஒன்று கெட வேண்டும் என்றால் சுண்ணாம்பு கெடும், கல் கெடாது. சுண்ணாம்பை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அடியில், தரையை ஒட்டி, ஆறு இடங்களில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார். பின்பக்க மேட்டில் ஓர் ஓடை வெட்டி, சல்லி நிரப்பித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினார். கொட்டகையின் தென்மூலையில் உடைந்திருந்த கூரைப் பலகைக்கு நான் ஒன்பதடியில் ஒரே கல் வாங்கிப் போடலாம் என்றேன். மறுத்துவிட்டார். கல் அமுக்கத்துக்கு அசையாது, வளைவுக்குத் தாங்காது. நீளம் கூடக்கூட அடிப்பக்கம் இழுபட்டு முறியும். ஆறடிக்கு ஒரு தூண் நட்டு, ஆறடிப் பலகைகளாகப் போட்டார். கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வேலை நடந்த நாட்களில் ஊரெல்லாம் மழைச் சேதத்தின் பேச்சாகவே இருந்தது. முந்தைய நவம்பர் மழையில் ராமச்சந்திராபுரம் பக்கத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்தார்கள். விஜயநகரக் காலத்து ஏரி அது. ஸ்ரீனிவாசமங்காபுரத்திலிருந்து மலையேறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிகள் வெள்ளத்தில் பல இடங்களில் பெயர்ந்து, பாதை மூடிக் கிடந்தது. 2,388 படிகள் கொண்ட அந்தப் பாதை சீரமைத்துத் திறக்க 2022 மே ஆயிற்று. ஒரு மாலை, வேலை முடித்துக் கை கழுவும்போது மேஸ்திரி காளஹஸ்தி ராஜகோபுரத்தை நினைவு கூர்ந்தார். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, 2010 மே 26ஆம் தேதி சரிந்து விழுந்தது. செய்தி கேட்டு மறுநாளே அவர் பஸ் பிடித்துப் போயிருக்கிறார். குவியலை வெகு தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்ததாம். “ஐந்நூறு வருஷத்துக் கட்டடம். முன்னாடியே விரிசல் காட்டுச்சு. கட்டடம் சொல்லாம விழாது நைனா” என்றார். என் சுவரும் எனக்குச் சொல்லியிருந்தது. நான் தை வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேஸ்திரியின் மகன் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். குப்பம் பக்கத்திலிருந்து பச்சைக் கல்லும், மற்ற இடங்களிலிருந்து கருப்புக் கல்லும் வந்து அங்கே பலகை பலகையாக அறுபடுகின்றன. மாதச் சம்பளம், நிழலில் வேலை. அப்பாவிடம் சுவர் கட்டப் பழகிக்கொள்ள அவருக்கு நேரம் இல்லை. அதை மேஸ்திரி குறையாகச் சொல்லவில்லை. அவருக்கே பேச்சுக்கு நடுவே இருமல் வரும். அவர் அப்பாவும் அப்படி இருமித்தான் போனாராம். கல்லுடைக்கும் தூள் நுரையீரலில் தங்கிவிட்டால் திரும்ப வெளியே வராது. உளி பிடித்த காலம் முழுக்க அவர் மூக்கில் துணி கட்டியதில்லை, கட்டச் சொல்லவும் ஆள் இல்லை. நான் வாங்கிக் கொடுத்த முகக்கவசத்தை இரண்டு நாள் போட்டார். நாம் காலகாலத்துக்கும் நிற்கிறது என்று கைகாட்டும் ஒவ்வொரு சுவருக்கும் யாரோ தங்கள் மூச்சைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலையைப் புகழ்ந்து பேசும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுவர் மூன்றடிக்கு வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டோம். அவள் அம்மிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். நான் குழி மேலே பார்க்கும்படி அதைத் தூக்கி வைத்தேன். வீட்டில் அம்மி அப்படித்தானே இருக்கும். மேஸ்திரி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கவுத்து வைங்க. குழி மேல பார்த்தா தண்ணி நிக்கும்.”

தாத்தாவும் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது வைக்கும்போது, அறுபது ஆண்டுக்கு முன் இதே இடத்தில் நின்று அவர் இதே கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த யோசனை எனக்குப் புரிந்தது. அவரிடமிருந்து நான் நேரடியாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான்.

22 நாளில் சுவர் எழும்பியது. பிறகு வீட்டுச் சுவரிலிருந்த சிமெண்டுப் பட்டையையும் உளியால் மெல்ல மெல்லப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்பு வைத்தோம். அதற்கு அதைவிட அதிக நாளாயிற்று. சில இடங்களில் சிமெண்டு வரும்போது கல்லின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அந்தக் காயங்கள் அப்படியே இருக்கின்றன.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். வேண்டுமென்றே போயிருந்தேன். இரவு முழுக்க மழை. மூன்று மணி சுமாருக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, டார்ச்சுடன் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. கூரைத் தண்ணீர் ஓடையில் விழுந்து பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. சுவர் முழுக்க நனைந்து கருத்திருந்தது. குனிந்து அடியில் வெளிச்சம் அடித்தேன். அவர் விட்டிருந்த ஆறு இடைவெளிகளில் நான்கில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மண் கலங்காமல், தெளிவாக, விரல் பருமனில். ஐந்தாவதில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. ஆறாவது காய்ந்திருந்தது.

நடுச்சுவரில், அம்மி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. விடியும்வரை இரண்டு முறை மறுபடி போய்ப் பார்த்தேன். காலையில் மேஸ்திரிக்குப் போன் செய்து, நான்கு வழியில் தண்ணீர் வருகிறது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஆறாவதில் ஒரு குச்சி விட்டுப் பார்க்கச் சொன்னார்.